கும்பத்தை இறக்கச் சொன்னவன்

வாசுதேவநல்லூரில் எங்கள் தெருக் கோயில் கொடைக்கு ஆட்டச் செட்டு பேசி வரும் பொறுப்பு பல வருஷம் என்னிடம் இருந்தது. வித்தை தெரிந்தவர்களை அழைத்து வந்து, அதைக் காட்டவிடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கமிட்டியில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கு இப்போது படுகிறது.

கரகாட்டம் என்கிற கும்பாட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். தலையில் வைக்கும் செம்புக்குள் அரிசியோ மணலோ போட்டுக் கனமாக்கியிருப்பார்கள். மேலே பூ சுற்றிய கூடு, உச்சியில் கிளி. சும்மாடு கிடையாது, கையும் தொடாது. அந்தக் கனத்தோடு தாம்பாள விளிம்பில் நின்று ஆடுவார்கள், ஏணி ஏறுவார்கள், பின்பக்கமாக வளைந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பார்கள்.

ஒரு வருஷம் வந்த மூத்த ஆட்டக்காரி தாம்பாளத்தில் ஏறி நின்றார். நையாண்டி மேளம் வேகமெடுக்க, பாதம் தட்டை நகர்த்திக்கொண்டே போனது. கழுத்துக்கு மேல் அசைவில்லை. நானோ பின்னால் டீக்கடைக்கு நகரும் இளவட்டங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எக்கா, கும்பத்த இறக்குங்க. சினிமாப் பாட்டு போடச் சொல்லுங்க, கூட்டம் கலையுது."

"இன்னும் ஊசி எடுக்கலையே அண்ணாச்சி."

"அதெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

மறுபேச்சில்லாமல் இரண்டு கையாலும் கும்பத்தை இறக்கி, நாயனக்காரர் பக்கத்தில் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். அப்புறம் பாட்டும் இரட்டை அர்த்தப் பேச்சும்தான். ரூபாய் நோட்டு குத்தினார்கள். கொடை ஜமாய்த்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

கூட்டம் கேட்கிறது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். முன்வரிசையில் பிள்ளைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் தாம்பாளத்தைவிட்டுக் கண் எடுக்கவில்லை. பேச்சு ஆரம்பித்ததும் எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்தான். வரி கொடுத்த வீடுகளில் அவர்கள் வீடும் உண்டு. பின்னால் நின்று விசிலடித்த சிலரையும் நோட்டு குத்தியவர்களையும் மட்டுமே கூட்டம் என்று நான் கணக்கு வைத்திருந்தேன். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

நையாண்டியும் கோமாளியும் இல்லாமல் விடியவிடிய ஆட்டம் நடக்காது. சிரிப்பு என்றைக்கும் இந்தக் கலைக்குள்ளேயே இருக்கிறது. கும்பம் சரிவதுபோல் ஒரு கணம் காட்டி நிமிர்த்தும் ஆட்டக்காரி, வித்தையையே வேடிக்கையாக்கத் தெரிந்தவர். அதற்குத்தான் நான் நேரம் கொடுக்கவில்லை. பாட்டுக்கு ஆடிய பிள்ளைகளையும் குறை சொல்ல மாட்டேன், கேட்டவன் நான். கூலி பேசும்போதும் வயதையும் முகத்தையும் பார்த்துத்தான் பேசினேன். ஊசி எடுக்கத் தெரியுமா என்று ஒரு செட்டிடமும் கேட்டதில்லை.

லண்டனில் நம் நாட்டு வித்தைக்காரர் ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளை மாறிமாறி வீசிப் பிடித்ததைப் பற்றி வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலேயர் 1821-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இவ்வளவு பிசகில்லாமல் தன்னால் எதையும் செய்ய முடியவில்லையே என்று அதில் வெட்கப்படுகிறார். எங்கிருந்தோ வந்த ஒரு வித்தையின் முன்னால் அவருக்கு வந்த வெட்கம், சொந்த மண்ணின் வித்தையின் முன்னால் அன்று எனக்கு வரவில்லை.

அடுத்த கொடைக்குச் செட்டு பேசப் போகிற தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, முதல் ஒரு மணி நேரம் கும்பத்துக்கு மட்டும் என்று பேசிவிடுங்கள். மூத்த ஆட்டக்காரிக்குக் கூலியைக் குறைக்காதீர்கள். ஊசி எடுத்து முடிக்கும்வரை யாரும் மேடைப் பக்கம் போக வேண்டாம்.