ரெண்டாவது சான்ஸ்

2004 ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்க நியூஜெர்ஸியில் போய் இறங்கினப்போ, எனக்குத் தெரிஞ்ச அமெரிக்க விளையாட்டு ஒண்ணே ஒண்ணுதான்... டி.வி-யில பார்த்த ரெஸ்லிங்! ‘ஃபுட்பால்’னு லேப்ல யாராவது பேசினா ரொனால்டோ, பெக்காம்னு நானும் வாயைத் திறப்பேன். எல்லாரும் என்னைப் பரிதாபமா பார்ப்பாங்க.

அவங்க ஃபுட்பால் வேற பாஸ். முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கையிலதான் தூக்கிட்டு ஓடுவாங்க, எறிவாங்க, பிடிப்பாங்க. காலுக்கு எப்பவாவதுதான் வேலை. நாலு முயற்சியில 10 கெஜம் முன்னேறணும். முன்னேறினா இன்னும் நாலு முயற்சி கிடைக்கும். இல்லேன்னா பந்து எதிராளிக்கு. ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதல்ல ஒருத்தர் கைக்குத்தான் வரும். அவர்தான் குவார்ட்டர்பேக். யாருக்கு எறியறது, யார் கையில கொடுத்து ஓட விடறதுன்னு ரெண்டு மூணு செகண்ட்ல முடிவு பண்ணணும். அதுக்குள்ள நூறு கிலோவுக்கு மேல இருக்கிற நாலஞ்சு பேர் மேல விழ ஓடி வருவாங்க. ஜெயிச்சா மாலை அவருக்கு. தோத்தா செருப்படியும் அவருக்கே!

எங்க லேப்ல அந்த சீஸன் பூரா ஒரே சண்டைதான். நியூயார்க் ஜயன்ட்ஸ் டீம்ல யார் குவார்ட்டர்பேக் ஆடணும்? (பேருதான் நியூயார்க். ஸ்டேடியம் நியூஜெர்ஸியில. அதனால எங்க ஊர் ஆட்கள் அதை சொந்த டீம்னுதான் சொல்வாங்க.)

ஒரு பக்கம் கர்ட் வார்னர், 33 வயசு. 1994-ல கிரீன் பே டீம் வேணாம்னு அனுப்பின பிறகு, சூப்பர் மார்க்கெட்ல ராத்திரி ஷிஃப்ட்ல அலமாரி அடுக்கினவர். 1999-ல செயின்ட் லூயிஸ் டீம்ல மெயின் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால்ல அடிபட, வேற வழியில்லாம இவரை இறக்கினாங்க. அந்த சீஸன் முடியறப்போ சூப்பர் பௌல் கோப்பை அவர் கையில! நம்ம ஊரா இருந்தா அப்பவே படம் எடுத்திருப்பாங்க. 2004-ல ஜயன்ட்ஸுக்கு வந்திருந்தார்.

இன்னொரு பக்கம் ஈலை மேனிங், 23 வயசு. காலேஜை முடிச்சுட்டு நேரா வந்த புதுப் பையன், அங்கே ‘ரூக்கி’னு சொல்வாங்க. அந்த வருஷ டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையா பிரிச்சுக்கிற நாள்ல, முதல் ஆளா எடுக்கப்பட்டவர். எடுத்தது சான் டியகோ. ஜயன்ட்ஸ் தாங்க எடுத்த ஃபிலிப் ரிவர்ஸையும், கூடவே சில டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்து இவரை வாங்கியிருந்தாங்க. அண்ணன் பெய்டன் மேனிங் ஏற்கெனவே சூப்பர் ஸ்டார். ஸோ, பையன் தலையில எவ்வளவு பாரம்னு யோசிச்சுக்குங்க.

எங்க லேப்ல மூணு கட்சி.

முதல் கட்சி, லேப் டெக்னீஷியன். அறுபதைத் தாண்டினவர். அங்கே எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். எனக்குக் கூசும். மனசுக்குள்ள மட்டும் ‘தாத்தா’னு சேர்த்துக்குவேன். அவர் வார்னர் ஆளு. “டீம் பாதிக்கு மேல ஜெயிச்சிருக்கு. இப்போ போய் குழந்தையை இறக்கினா சீஸனே போச்சு. பையனையும் உடைச்சிடுவாங்க”ம்பார். ஹூஸ்டன் டீமோட டேவிட் காரை உதாரணம் காட்டுவார். 2002-ல அவரும் முதல் ஆளா எடுக்கப்பட்டவர்தான். முன்னாடி நின்னு காப்பாத்த சரியான ஆளில்லாம, முதல் சீஸன்லயே 76 தடவை தரையில தள்ளி மிதிச்சாங்க.

ரெண்டாவது கட்சி, இளங்கலை படிக்கிற பையன். நீலத் தொப்பி இல்லாம அவனைப் பார்த்ததே இல்ல. “பெஞ்ச்ல உக்காந்து யாராவது நீச்சல் கத்துக்க முடியுமா? பெய்டன் மேனிங் 1998-ல முதல் சீஸன்ல 28 பந்தை எதிராளி கையில எறிஞ்சார். டீம் 13 மேட்ச் தோத்தது. அடுத்த வருஷமே 13 மேட்ச் ஜெயிச்சாங்களா இல்லையா? அடி வாங்கணும்னா இப்பவே வாங்கட்டும்!”

மூணாவது கட்சி, பிட்ஸ்பர்க்ல இருந்து வந்த ஆராய்ச்சி மாணவர். அவர் வாயே திறக்க மாட்டார், சிரிப்பார். அதே டிராஃப்ட்ல 11-வதா எடுத்த பென் ராத்லிஸ்பெர்கர் அவங்க டீம். செப்டம்பர்ல மெயின் ஆளுக்கு அடிபட்டதும் இறக்கினாங்க. அதுக்கப்புறம் இறங்கின மேட்ச் எல்லாம் ஜெயம்! 21 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சிட்டிருந்த நியூ இங்கிலாந்தையே நிறுத்தினாங்க. “பார்த்தியா, ரூக்கியால முடியும்!”னு தொப்பிக்காரன் குதிப்பான். “அவங்க டிஃபென்ஸ் இரும்புடா. பந்தைத் தூக்கிட்டு ஓட எருமை மாதிரி ஆளுங்க இருக்காங்க. நம்மகிட்ட என்ன இருக்கு?”னு தாத்தா மடக்குவார்.

நான் எந்தக் கட்சி? சொன்னா சிரிக்காதீங்க... கொஞ்சம் விவரம் புரிஞ்சதும் கண்ணை மூடிக்கிட்டு ஈலை கட்சிதான். நானும் அங்கே ரூக்கிதானே!

நான் ஒரு புரொஃபசருக்கு டீச்சிங் அசிஸ்டென்ட். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை, பதிலுக்கு ஃபீஸ் தள்ளுபடி, சாப்பாட்டுக்கு ஸ்டைபண்ட். இந்த வேலை செமஸ்டருக்கு செமஸ்டர் புதுப்பிக்கணும். புதுப்பிக்கலேன்னா அப்பா பேங்க்ல வெச்ச வீட்டுப் பத்திரம் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போகும். அதுவரைக்கும் எனக்கு பேப்பர் திருத்துற வேலை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை சர்க்யூட்ஸ் பிராப்ளம் க்ளாஸ் எடுத்தது ஒரு கோயம்புத்தூர் அண்ணன். பிஎச்.டி. நாலாவது வருஷம். பசங்களுக்கு அவர்னா உயிர்.

ஜயன்ட்ஸ் அடுத்தடுத்து ரெண்டு மேட்ச் தோத்து, கணக்கு அஞ்சு ஜெயம், நாலு தோல்வின்னு ஆனது. அந்த வாரம் கோச் டாம் காஃப்லின் அறிவிச்சார்: ‘இனிமேல் ஈலை.’ லேப்ல தொப்பிக்காரன் மேஜை மேல ஏறி ஆடினான். தாத்தா சால்டரிங் அயர்னை ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

அதே வாரம் புரொஃபசர் என்னைக் கூப்பிட்டார். “அவன் தீசிஸ் எழுதணும். அடுத்த செவ்வாய்ல இருந்து க்ளாஸ் நீ எடு.”

வெளிய வந்து முதல்ல குதிக்கணும்னுதான் தோணுச்சு. அப்புறம் அண்ணன் ஞாபகம் வந்தது. அவருக்கு க்ளாஸ் எடுக்கிறதுதான் அந்த வாரத்துலயே பிடிச்ச ஒரு மணி நேரம். தயங்கித் தயங்கி அவர் ரூமுக்குப் போனேன். ஒரு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம் டிராயர்ல இருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். “தம்பி, எந்த இடத்துல பசங்க முழிப்பாங்கன்னு மார்ஜின்ல எழுதி வெச்சிருக்கேன். படிச்சுக்க.” அவ்வளவுதான்.

நவம்பர் 21, ஞாயிறு. ஈலையோட முதல் மேட்ச், அட்லான்டாவோட. ரூம்மேட்ஸ் சாம்பார் கொதிக்க விட்டுட்டு என்னைத் திட்டிக்கிட்டே டி.வி. முன்னாடி உக்காந்தாங்க. பையன் ஒரு டச்டவுன் எறிஞ்சார், ரெண்டு பந்தை எதிராளிகிட்ட பறிகொடுத்தார். 14-10 தோல்வி. ‘பரவாயில்ல, முதல் மேட்ச்’னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

நவம்பர் 23, செவ்வாய். என்னோட முதல் மேட்ச். எதிர்ல இருபத்திச் சொச்சம் பேர். அண்ணன் நோட்டை மூணு தடவை படிச்சிருந்தேன். கான்ஃபிடன்ஸா சாக்பீஸ் எடுத்தேன். ரெண்டாவது கணக்குல கிர்ச்சாஃப் லூப் போடறப்போ ஒரே ஒரு மைனஸ் குறியை விட்டுட்டேன். போர்டு பூரா எழுதி முடிச்சா, விடையா வருது ஒரு மைனஸ் ரெசிஸ்டன்ஸ்! உலகத்துல எந்தக் கடையிலயும் கிடைக்காத ரெசிஸ்டர். எங்கே தப்புன்னு தேடறேன், தேடறேன்... காது சூடாகுது. பின்னாடி பேக் ஜிப் மூடுற சத்தம். மூணு பேர் எழுந்து போயிட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் கை தூக்கி, “பழைய டி.ஏ. திரும்ப வருவாரா?”னு கேட்டா.

அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கல.

அடுத்த மூணு வாரம் நானும் ஈலையும் போட்டி போட்டுக்கிட்டு சொதப்பினோம். அவர் பிலடெல்ஃபியாகிட்ட தோத்தார், வாஷிங்டன்கிட்ட தோத்தார். டிசம்பர் 12, பால்டிமோர். அன்னிக்கு நடந்தது படுகொலை. 18 பந்து எறிஞ்சு நாலுதான் சரியா போய்ச் சேர்ந்தது. மொத்தம் 27 கெஜம். ரெண்டு பந்து எதிராளி கையில. குவார்ட்டர்பேக்குக்கு மார்க் போட ‘பாஸர் ரேட்டிங்’னு ஒரு கணக்கு இருக்கு. அதிகபட்சம் 158.3. அன்னிக்கு ஈலை வாங்கினது 0.0!

இந்த ஜீரோ சாதாரண ஜீரோ இல்ல பாஸ். எறியற ஒவ்வொரு பந்தையும் வேணும்னே தரையில அடிச்சாக்கூட அந்தக் கணக்குப்படி 39.6 வரும். அதாவது, ஒண்ணுமே பண்ணாம இருந்தவன்கூட ஈலையை விட மேல். கடைசியில அவரை வெளிய எடுத்துட்டு வார்னரை இறக்கினாங்க.

திங்கட்கிழமை லேப்ல ‘நான் அப்பவே சொன்னேன்’னு தாத்தா சொல்வார்னு எதிர்பார்த்தேன். சொல்லல. “இப்போ திரும்ப வார்னரை இறக்கினா, அதுதான் பெரிய முட்டாள்தனம்”னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “நீங்க வார்னர் ஆளாச்சே?” “பையா, முதல்ல இறக்கலாமா வேணாமான்னு சண்டை போடலாம். இறக்கிட்டு பாதியில தூக்கினா, அவன் இந்த ஜீரோவோடவே வீட்டுக்குப் போவான். ஆயுசுக்கும் அதை விட மாட்டான்.”

காஃப்லின் மாத்தல. அடுத்த சனிக்கிழமை ஈலையே இறங்கினார். எதிர்ல யாரு? ராத்லிஸ்பெர்கர்! 33-30-னு தோத்தாங்க. ஆனா, அன்னிக்கு ஆடினது வேற ஆள். நிமிர்ந்து நின்னு ரெண்டு டச்டவுன் எறிஞ்சார். பிட்ஸ்பர்க் சீனியரே சிரிக்கிறதை நிறுத்திட்டு, “இவன் தேறிடுவான்”னார். அதுக்கப்புறம் இன்னொரு தோல்வி. மொத்தம் வரிசையா ஆறு. 2005 ஜனவரி 2, கடைசி மேட்ச்ல டாலஸை 28-24-னு ஜெயிச்சாங்க. கடைசி நிமிஷத்துல கோட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, எதிராளி நிக்கிற நிலையைப் பார்த்து, கோச் கொடுத்த திட்டத்தையே ஈலை மாத்தினார். டிக்கி பார்பர் பந்தோட உள்ளே ஓடினார். முதல் ஜெயம்!

என் கதை? செமஸ்டர் முடிஞ்சதும் பசங்க மார்க் போட்ட மதிப்பீட்டுத் தாளோட புரொஃபசர் கூப்பிட்டார். நான் வீட்டுக்கு போன் பண்ணி எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பார்த்துக்கிட்டே போனேன். அவர் தாளைத் திருப்பி வெச்சார். “மோசம்தான். ஆனா, கடைசி க்ளாஸை நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். தப்பு பண்ணினதும் நீயே நிறுத்தி, எங்கே தப்புன்னு பசங்களையே கண்டுபிடிக்க வெச்சே. அடுத்த செமஸ்டரும் நீதான்.”

அந்த டெக்னிக் என்னோடது இல்ல. கோயம்புத்தூர் அண்ணன் நோட்டு மார்ஜின்ல இருந்தது: ‘மைனஸ் விட்டுட்டா மறைக்காதே. பசங்களைத் தேடச் சொல்லு.’

மிச்சக் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். 2008 பிப்ரவரியில, அந்த சீஸன்ல ஒரு மேட்ச்கூட தோக்காம வந்த நியூ இங்கிலாந்தை ஈலை சூப்பர் பௌல்ல சாய்ச்சார். 2012-ல அதே டீமை இன்னொரு தடவை. வார்னர்? அரிஸோனாவுக்குப் போனார். அங்கேயும் ஒரு இளம் ஆளுக்குப் பின்னாடி காத்திருந்து, இடத்தைத் திரும்பப் பிடிச்சு, 2009 பிப்ரவரியில அந்த டீமை முதல் தடவையா சூப்பர் பௌலுக்கே கூட்டிட்டுப் போனார். இடம் கொடுத்தவனும் முடிஞ்சு போகல!

2019 செப்டம்பர்ல ஒரு சேதி பார்த்தேன். ஜயன்ட்ஸ் முதல் ரெண்டு மேட்ச் தோத்ததும், ஒரு ரூக்கியை இறக்கறாங்க. பேர் டேனியல் ஜோன்ஸ். வெளிய உக்கார்ற 38 வயசுக்காரர்... ஈலை மேனிங்! அதே டீம், அதே சண்டை, நாற்காலி மட்டும் மாறிடுச்சு. ஜோன்ஸ் அந்த முதல் மேட்ச்சை 32-31-னு ஜெயிச்சார். 2025-ல ஜாக்ஸன் டார்ட்னு இன்னொரு ரூக்கிக்காக அதே வாக்குவாதம் திரும்ப ஓடுச்சு. அது நிக்காது.

உங்களுக்கும் ஒரு நாள் முதல் சான்ஸ் வரும். முதல் செமினார், முதல் மேட்ச், முதல் இன்டர்வியூ. சொதப்பினா சொதப்பிட்டுப் போங்க. ஆனா, உங்க சிம்போசியத்துல மைக் பிடிச்சுத் திணறின ஒரு ஜூனியரை அடுத்த வருஷ லிஸ்ட்ல இருந்து அடிக்கப் போறீங்களா? பேனாவைக் கொஞ்சம் மூடி வைங்க. முதல் சான்ஸ் யாருக்குன்னு ஊரே சண்டை போடும். ரெண்டாவது சான்ஸைக் கொடுக்க யாராவது ஒருத்தர்தான் இருப்பாங்க.

அந்த நோட்டு இப்பவும் என்கிட்டதான் இருக்கு. அண்ணன்கிட்ட திருப்பிக் கொடுக்கப் போனப்போ, “அடுத்து வர்றவனுக்குக் கொடு தம்பி”ன்னுட்டார். அதுக்கப்புறம் மூணு ஜூனியருக்கு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கேன்.

ஒரிஜினலைக் கொடுக்க மட்டும் இன்னும் மனசு வரல!