அந்தியேட்டி செய்யாத வீடுகள்

மதிப்புக்குரிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களுக்கு,

இலங்கையின் வடக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். உங்களிடம் வைத்தியத்துக்கு வந்ததில்லை. உங்கள் எழுத்துக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்.

2004 மார்கழி 26 கடல் வந்தது. போர் அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. இரண்டிலும் செத்தது எங்கட சனம் என்பதால் பலரும் இரண்டையும் ஒரே துயரமாகப் பேசினார்கள். நீங்கள் அப்படிப் பேசவில்லை. சுனாமிக்குப் பிறகு கண்ட மாற்றங்கள் அவ்வளவு ஆழமில்லை, நீண்ட போர்தான் குடும்பத்தையும் ஊரையும் அடியோடு மாற்றியது என்று 2007இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் எழுதினீர்கள். ஆளை ஆள் நம்பாத, வாய் திறக்காத, முன்னின்று நடத்த ஒருவரும் இல்லாத ஊர்களை அதில் கண்டேன். நோயாளியோடு நிற்காமல் அவர் திரும்பிப் போகிற ஊரையும் பார்த்தீர்களே, அதற்கு நன்றி.

கடல் கொண்டுபோனவர்களுக்கு ஒரு திகதி இருக்கிறது. உடல் கிடைக்காத வீட்டிலும் திவசம் வருகிறது, ஊர் கூடி அழுகிறது, ஏன் அழுதாய் என்று விசாரிக்க ஒருவரும் வருவதில்லை. இராணுவத்திடம் கையளிக்கப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவனின் வீட்டில், அந்தியேட்டிச் சடங்குக்குரிய 31ஆம் நாளை எங்கிருந்து எண்ணுவது? அந்தியேட்டி செய்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே சொன்னதாகிவிடும். அதனால் பல வீடுகளில் செய்வதில்லை. துக்கம் அங்கே இன்னும் தொடங்கவேயில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லோரன்ஸ் கல்ஹூனும் இழப்புக்குப் பின்னான வளர்ச்சியை அளக்க 1996இல் 21 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பேரிழப்போடு போராடும் போக்கில் சிலருக்கு உறவுகள் நெருங்கும், மனவலிமை கூடும், புதிய வழிகள் தெரியும் என்பது அவர்கள் கண்டது. அதே ஆளிடம் வேதனையும் கூடவே இருக்கும் என்றும் சொன்னார்கள். எங்கள் மேடைகளில் இந்தப் பின்பாதி மட்டும் காணாமல் போய்விடும். "எங்கட பெண்கள் இரும்பு" என்று புகழ்ந்துவிட்டு வாகனம் ஏறுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அந்த 21 கூற்றுகளும் தனி ஆளிடம் கேட்பவை. ஊரே மௌனமாகிவிட்ட இடத்தில் தனி ஆள் எங்கே காலூன்றுவது என்ற கேள்வியை உங்கள் எழுத்தில்தான் கண்டேன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டமாகத் தெருவோரம் குந்தியபோது, இல்லாமல் போன ஊரைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். நாலு பேர் முன் பேசிப் பழகாதவர்கள் அங்கே ஒலிவாங்கி பிடித்தார்கள். பிள்ளையின் பெயர் வரும்போது குரல் உடையும். இரவில் நித்திரையும் இல்லை. இதில் வளர்ச்சி எது, வேதனை எது என்று எந்தப் படிவத்தில் பிரித்து எழுதுவது?

படிவம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளையின் தகப்பன் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடவா என்று எந்தத் தாயிடமும் நான் கேட்பதில்லை. அவராகச் சொன்னால் எழுதுவேன், இல்லையென்றால் வெறும் பெயர்தான். இது உங்களை வாசித்ததில் வந்த பழக்கம்.

உங்களிடம் பயிற்சி பெற்று, ஊர் ஊராகப் போய்த் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்ட களப்பணியாளர்கள் பலரின் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. இந்த நன்றியில் பாதி அவர்களுக்கு. தயவுசெய்து சேர்ப்பித்துவிடுங்கள், சேர்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை