எச்சம் தண்ணீரில் போகும், வெயில் சுட்டது போகாது



நமது பள்ளிவாசலுக்கு முன்னால் நிற்கும் வேப்பமரத்தை வெட்ட வேண்டும் என்ற பேச்சு இரண்டு வாரமாக ஊருக்குள் ஓடுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், நிழலில் விட்ட வாகனங்களின் மேல் காகமும் மைனாவும் எச்சமிட்டு வைத்திருக்கின்றன. போன வாரம் ஒரு தம்பி தன் காரின் பொனட்டைக் காட்டி, "சேர், எவ்வளவு தேய்த்தும் இந்த அடையாளம் போகவில்லை, பாருங்க" என்றார். உண்மைதான். வட்டமாக ஒரு மங்கல், அதைச் சுற்றி நூல் நூலாகக் கீறல்கள்.

அவருடைய கோபம் நியாயமானது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஆனாலும் புதிய கார் ஒன்றின் விலை சம்பளக்காரர்களுக்கு எட்டுகிற மாதிரி இல்லை. நம்மில் பலருக்கு வாசலில் நிற்கும் பழைய கார்தான் பெரிய சேமிப்பு. அதன் பெயின்ட் கெட்டால் விற்கும்போது விலை விழும். அதனால் இதைச் சின்ன விசயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தை வெட்டுவதற்கு முன், பெயின்ட்டுக்கு உண்மையில் எதிரி யார் என்று கொஞ்சம் யோசிப்போம்.

காரின் தகட்டின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு, பிறகு பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாகக் கண்ணாடி போல ஒரு கிளியர் கோட் இருக்கிறது. கம்பனியில் அடித்து வரும் இத்தனை பூச்சும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரைதான். நாம் பாடசாலையில் பாவிக்கும் ஏ4 தாள் ஒன்றே ஏறத்தாழ 100 மைக்ரோன் தடிப்பு. நாம் தேய்க்கிற கிளியர் கோட் அந்தத் தாளில் பாதி அளவு. அது தேய்ந்து போனால் மீண்டும் வளராது.

இனி எச்சத்துக்கு வருவோம். பறவை எச்சத்தில் உள்ள வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அதோடு மண்ணும் பழக்கொட்டையும் கலந்திருக்கும். மதிய வெயிலில் பொனட் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்போது பெயின்ட் சற்று இளகி விரிகிறது. எச்சம் அதன் மேல் காய்ந்து இறுகுகிறது. மாலையில் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது, அந்த எச்சத்தின் அச்சு அதில் பதிந்து விடுகிறது. அந்தத் தம்பியின் பொனட்டில் இருந்த மங்கல் அதுதான். ஆனால் சுற்றியிருந்த கீறல்களைக் காகம் போடவில்லை. காய்ந்த எச்சத்தை உலர்ந்த துணியால் தேய்த்தபோது உள்ளே இருந்த மண் போட்ட கீறல் அது.

நான் பதினொரு வருடமாக ஒரே காரை ஓடுகிறேன், என் கையால்தான் கழுவுகிறேன். எச்சத்துக்கு நான் செய்வது இவ்வளவுதான். டிக்கியில் ஒரு போத்தல் தண்ணீரும் சில பழைய பருத்தித் துணிகளும் எப்போதும் இருக்கும். துணியை நன்றாக நனைத்து எச்சத்தின் மேல் போட்டு ஐந்து, பத்து நிமிடம் விட வேண்டும். ஊறிய பிறகு தேய்க்காமல் அப்படியே தூக்கி எடுக்க வேண்டும். மிச்சம் இருந்தால் துணியின் சுத்தமான பக்கத்தால் இன்னொரு முறை. அன்றைக்கே எடுத்தால் பெரும்பாலும் அடையாளமே இருக்காது.

மற்றக் கறைகளுக்கும் மெதுவான வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புதிதாகக் கார்ப்பட் போட்ட வீதியில் ஓடி தார் ஒட்டினால், அதன் மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விடுங்கள். இளகிய பிறகு துடைத்து, கார் ஷாம்போவால் கழுவுங்கள். குழாய்க் கிணற்றுத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளி விழுந்தால், வெள்ளை வினாகிரிக்குச் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் துணியால் ஒற்றி உடனே கழுவுங்கள். தின்னர், பெற்றோல், சலவைத்தூள், பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டு இவை எதுவும் வாகனத்தின் பக்கம் வரக்கூடாது. கறையோடு சேர்த்துப் பெயின்ட்டையும் கெடுத்து விடும்.

கறை போன பிறகும் மங்கல் நின்றால்தான் பொலிஷ். கட்டிங் கொம்பவுண்ட் என்பது கிளியர் கோட்டை மெல்லச் சீவி மட்டப்படுத்துகிற சாமான். ஒவ்வொரு முறையும் அந்தப் பாதித் தாளில் இருந்து கொஞ்சம் போகும். வருடா வருடம் மெசினில் பொலிஷ் அடித்துப் பளபளப்பாக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால் அது பொலிஷில் போகிற கீறல் இல்லை.

பாதுகாப்புக்கு மெழுகு, அதாவது வெக்ஸ், போதும். கழுவிய காரில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்க வேண்டும். பரவி ஓடினால் வெக்ஸ் தேய்ந்து விட்டது என்று அர்த்தம். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடலாம். வெக்ஸ் இருந்தால் எச்சம் பெயின்ட்டைத் தொடுவதற்கு முன் நமக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். பெரிய காசு கொடுத்து செரமிக் கோட்டிங் அடித்தாலும் எச்சத்தை நாள் கணக்கில் விட்டால் அடையாளம் விழத்தான் செய்யும். கச்சான் காற்றுக் காலத்தில் மணல் படிந்த காரை அப்படியே கவர் போட்டு மூடாதீர்கள். காற்று கவரை ஆட்ட ஆட்ட, அது உப்புத்தாள் போல வேலை செய்யும். கடற்கரையோரம் இருப்பவர்கள் கிழமைக்கு ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி விடுங்கள். பெயின்ட் கழன்ற சிறு புள்ளியில்தான் துரு தொடங்குகிறது.

இவ்வளவையும் நான் எழுதியது மரத்துக்காகத்தான். எச்சத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. வெயிலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சூரியனின் புற ஊதாக் கதிர் வருடக் கணக்கில் பட்டு கிளியர் கோட் வெளிறி, பிறகு தோல் உரிவது போல் உரியும். கூரையும் பொனட்டும்தான் முதலில் போகும், ஏனென்றால் வெயில் நேராக விழுவது அங்கேதான். அதற்கு வெக்ஸும் இல்லை, பொலிஷும் இல்லை. சுரண்டி எடுத்துப் புதிதாகப் பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். மரத்தை வெட்டினால் ஐந்து நிமிடத்தில் போகிற கறையைத் தவிர்த்து, பெயின்ட் கடைக்குப் போகிற செலவை வாங்கிக் கொள்கிறோம். எச்சமும் நின்று விடாது. காகம் மின்கம்பியில் இருந்தும் போடும்.

ஒரு மரம் நட்டு அதில் பறவை சாப்பிட்டாலும் நட்டவருக்கு அது ஸதகா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த வேம்பை நட்ட மூத்தவர்கள் இன்று மண்ணறையில் இருக்கிறார்கள். நோன்பு காலத்தில் அதன் நிழலில் எத்தனை பேர் உட்கார்ந்து எழும்புகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பள்ளி நிருவாகத்திடம் என் வேண்டுகோள் இரண்டு. வாகனம் நிற்கும் பக்கம் தாழ்ந்து வரும் கிளைகளை மட்டும் அளவாகக் கவ்வாத்துச் செய்யுங்கள். மரத்தடியில் ஒரு தண்ணீர் வாளியும் பருத்தித் துணிகளும் வையுங்கள். துணிகளை நான் கொண்டு வந்து தருகிறேன், இன்ஷா அல்லாஹ்.

முடிவெடுக்கும் முன் எல்லோரும் ஒரு வேலை செய்து பாருங்கள். எப்போதும் வெட்டை வெயிலில் நிற்கிற பழைய கார் ஒன்றின் கூரையைக் கையால் தடவுங்கள். பிறகு அதே வயதில், நிழலில் நின்ற காரின் கூரையைத் தடவுங்கள்.