பாலாற்றங்கரையில் ஒரு குழந்தைப் பிரயாணம்

மோட்டார்ப் பிரயாணத்தில் இரண்டு வகை உண்டு. பெரியவர்கள் மட்டும் போவது ஒன்று. இரண்டரை வயதுக் குழந்தையை உடன் அழைத்துப் போவது மற்றொன்று. முதல் வகையில் தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்கலாம். இரண்டாம் வகைக்கு அந்த அளவுகோல் உதவாது. குழந்தை தூங்கிய தூரம், அழுத தூரம், "எறங்கணும்" என்று பிடிவாதம் செய்த தூரம் என்று வேறு கணக்குப் போட வேண்டும். சென்னையிலிருந்து பெங்களூர் சுமார் 350 கிலோமீட்டர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி வழியாக ஆறேழு மணி நேரத்தில் போய்விடலாம் என்பது முதல் வகையினர் கணக்கு. மாசி மாதத்தில் ஒரு நாள் நாங்கள் இரண்டாம் வகையினராகப் புறப்பட்டோம். நாங்கள் இருவர், குழந்தை, குழந்தையின் பாட்டி ஆக நால்வர்.

பொழுது விடியுமுன் கிளம்புவது உத்தமம். வெயில் ஏறுமுன் பாதி வழி கடந்துவிடலாம். குழந்தையும் முதல் இரண்டு மணி நேரம் தூங்கிவிடும். குழந்தைக்கென்று அமைந்த தனி ஆசனத்தைப் பின் இருக்கையில் பொருத்தி, வாரினால் பிணைத்தோம். "பிள்ளையைக் கட்டிப் போட்டா கூட்டிட்டுப் போறது? என் மடியில குடுங்க" என்றார் பாட்டி. ஆனால் வண்டி திடீரென்று மோதி நிற்கும் கணத்தில் எவ்வளவு பலசாலியின் கைகளும் குழந்தையைப் பிடித்து நிறுத்த இயலாது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வாரினாலோ தக்க ஆசனத்தினாலோ பிணைக்காவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் கூறுகிறது. அபராதத்தின் தொகையைக் கேட்டதும் பாட்டி இணங்கினார்.

வாந்தி விஷயமும் முன்னதாகவே யோசிக்கத் தக்கது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குப் பிரயாண மயக்கம் அரிது. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலேதான் அதன் தொல்லை அதிகம். காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு, "வண்டி ஓடுகிறது" என்று சொல்கிறது. மடியில் உள்ள படப் புத்தகத்தைப் பார்க்கும் கண்ணோ, "ஒன்றும் அசையவில்லை" என்கிறது. இவ்விரண்டின் வழக்கைத் தீர்க்க முடியாமல் மூளை திணறும்போது வயிறு புரட்டுகிறது. ஆகையால் புத்தகத்தையும் கைபேசியையும் மூடி வைத்து, வெளியே தூரத்தில் உள்ள மலையையும் மாட்டையும் காட்டிக் கொண்டு போவதே சரியான வைத்தியம்.

வாலாஜாவை நெருங்கும்போது குழந்தை விழித்துக்கொண்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டில் ராயபுரத்திலிருந்து இந்த வாலாஜா ரோடு வரையில்தான் ஓடிற்று. இந்தச் சரித்திரம் எங்கள் குழந்தைக்கு வேண்டியிருக்கவில்லை. ரயில் வண்டி ஒன்று கண்ணில் பட்டது, அது போதுமாயிருந்தது. அடுத்த அரை மணி நேரம் "இன்னொரு ரயில்" என்ற கோரிக்கையிலேயே கழிந்தது.

வேலூரில் ஒன்றரை மணி நேரம் தங்கினோம். கால்கள் ஓடத் துடிக்கும் குழந்தைக்கு வேலூர்க் கோட்டையைப் போன்ற இடம் வழியில் வேறில்லை. அகழியின் ஓரத்தில் மட்டும் கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே கோவில், மசூதி, மாதா கோவில் மூன்றும் இருக்கின்றன. நெடுங்காலம் மூலவர் இல்லாதிருந்த ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் 1981-ஆம் ஆண்டில் மீண்டும் லிங்கப் பிரதிஷ்டை நடந்தது. கல்யாண மண்டபத்து யாளியின் வாயைக் கண்டு குழந்தை முதலில் பயந்தது. பிறகு தன் பிஸ்கோத்தை அதற்கு நீட்டியது.

இக்கோட்டையில்தான் 1806-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக் குறியும் தாடியும் கூடாதென்ற உத்தரவும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும் அவர்கள் மனத்தைப் புண்படுத்தின. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை விரைந்து வந்து, அன்றே கோட்டையை மீட்டுவிட்டது. அன்று ஒரு துண்டுத் தோல் கலகத்துக்குக் காரணங்களில் ஒன்றாயிற்று. இன்று அதே பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தோலே ஜீவனம்.

பள்ளிகொண்டாவைத் தாண்டி ஆம்பூரை அணுகியதும் காற்றே அதைச் சொல்லிவிட்டது. குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னா நாத்தம்?" என்று கேட்டது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்டார்கள். குரோமிய உப்புகள் வந்த பிறகு வேலை சில நாட்களில் முடிகிறது. கழிவு மட்டும் நிலத்தை விட்டுப் போவதில்லை. வேலூர் நலச் சங்கமொன்று தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ பாழ்பட்டதை அது எடுத்துக் காட்டிற்று. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தையும் நிலைநாட்டியது. சாலையோடு கூடவே வரும் பாலாறு, நாங்கள் கண்டபோது வெறும் மணலாய்க் கிடந்தது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் இதே ஆறு கரைபுரண்டு ஓடியதை நம்புவதே கடினம். "ஆத்துல தண்ணி எங்க?" என்ற குழந்தையின் கேள்விக்கு விடை சொல்ல எங்களுக்குத் தெம்பில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம்.

ஆம்பூரில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் பெரியவர்களுக்கு. தயிர் சாதம் குழந்தைக்கு. பிறகு டீக்கடையோரம் நின்றபோது, அரை நாள் விடுப்பில் வீடு திரும்பக் காத்திருந்த ஓர் இளம்பெண் குழந்தையோடு பேச்சுக் கொடுத்தாள். ஷூ தைக்கும் தொழிற்சாலையில் வேலை.

"எம் பொண்ணுக்கும் இதே வயசுதாங்க. ஆயாகிட்ட விட்டுட்டு வரேன்" என்றாள்.

தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு இடம் இல்லையா என்று கேட்டோம். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று அறை வேண்டும் என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அந்த எண்ணிக்கை 1976-இல் முப்பதாகக் குறைக்கப்பட்டது.

"எடம் இருக்குதுங்க. ஆனா காலைல பஸ்ஸுல நின்னுக்கினே முக்கால் மணி நேரம் வரணும். அந்தக் கூட்டத்துல புள்ளைய எப்படிங்க இட்டுனு வர்றது?"

தனி ஆசனம், தண்ணீர், தயிர் சாதம், இரண்டு மணிக்கொரு முறை ஓய்வு என்று ஒரு குழந்தையின் பிரயாணத்துக்கு நாங்கள் செய்த ஏற்பாடுகள் எத்தனை! அவளுக்கு வேண்டியதோ உட்கார ஓர் இடம். அறை கட்டச் சட்டம் செய்தவர்கள், அந்த அறைக்குக் குழந்தை வந்து சேரும் வழியையும் எண்ணியிருக்கலாம். பஸ் வந்தது, குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

வாணியம்பாடிக்கு அப்பால் ஏலகிரி மலை அழைத்தது. அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்போதுதான் உண்ட தயிர் சாதத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்த்து, அழைப்பை மறுத்தோம். கிருஷ்ணகிரி வரையில் குழந்தை தூங்கிற்று. ஓசூர் வரையில் பாட்டி பாடினார். பிறகு நால்வரும் பாடினோம்.

இவ்வழியே குழந்தையுடன் செல்லக் கருதும் நேயர்களுக்கு மூன்று வார்த்தைகள்: தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள், மூடிய வண்டியில் குழந்தையை ஒரு நிமிஷங்கூடத் தனியே விடாதீர்கள், சேரும் நேரத்தை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பெங்களூரில் எங்களுக்காகச் சமைத்த பகல் சாப்பாட்டை இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டோம்.