தரிசு யாருக்குச் சொந்தம்?

'தரிசு' என்னும் சொல்லை நாம் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! உழவில்லை, விதைப்பில்லை, வருமானமில்லை. ஆகவே அது தரிசு. வருவாய்த்துறையின் ஏட்டிலும் அது தரிசுதான். நம் பேச்சில் அது 'சும்மா கிடக்கிற நிலம்'. ஆனால் இராமநாதபுரம் சீமையில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அந்நிலத்தின் ஓரமாக நடந்து பழகிய எவரும் அது சும்மா கிடப்பதாகச் சொல்லத் துணியமாட்டார். விடியற்காலையில் கவுதாரியின் குரல் எழுவது அங்கிருந்துதான். வெறுந்தரையில் முட்டையிட்டுவிட்டு, மனித அரவம் கேட்டதும் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்க்கிறது ஆள்காட்டி. முயலும் கீரியும் உடும்பும் நரியும் மயிலும் குடியிருப்பது அங்கேதான். இவற்றின் நடுவே, காலை வெயில் ஏறும் நேரத்தில், தோளில் கம்பும் இடுப்பில் தூக்குவாளியுமாக ஒருவர் நூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருகிறார். அவருக்கும் அது சும்மா கிடக்கிற நிலமன்று. அவருடைய வாழ்வே அதுதான்.

நம் மறைமாவட்ட மக்கள் பிப்ரவரித் திங்களில் ஓரியூருக்குத் திருப்பயணம் செல்லும்போது, அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். பகலெல்லாம் தரிசிலும் கண்மாயின் உள்வாயிலும் மேய்ந்த செம்மறிகள் இரவில் ஓர் உழவரின் வயலில் அடைபடுகின்றன. அவற்றின் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகின்றன. அதற்காக உழவர், இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று பணமாகவோ நெல்லாகவோ அளக்கிறார். 'ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்' என்று நம் முன்னோர் கணக்குச் சொன்னார்கள். இராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் என்று இப்பகுதிக்கே உரிய செம்மறி இனங்கள் இந்த வறண்ட வெளியில் உருவானவை. மந்தைகளுக்குத் தலைமை தாங்கும் கீதாரிகள் இங்கு மேய்ச்சல் குறையும் காலத்தில் தஞ்சைத் தரணிவரை ஆடுகளை நடத்திச் செல்கிறார்கள்.

குருமடத்தில் விவிலியம் பயின்ற நாள்களில் என்னைச் சிந்திக்க வைத்த ஒரு பகுதி, இந்த மண்ணுக்கு வந்த பிறகே எனக்கு முழுமையாக விளங்கிற்று. ஆறு ஆண்டுகள் பயிரிட்ட நிலத்தை ஏழாம் ஆண்டில் ஓய்வாக விட்டுவிட வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல். எதற்காக? ஏழைகள் உண்பதற்காக; அவர்கள் விட்டுவைத்ததை வயல்வெளி விலங்குகள் உண்பதற்காக. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஓய்ந்திருக்கும் நிலத்தின் விளைவில் வீட்டாருக்கும் வேலையாளுக்கும் அந்நியருக்கும் பங்குண்டு. அடுத்து, இரண்டு எபிரேயச் சொற்கள் தனித்தனியே வருகின்றன. ஒன்று 'பெஹேமா', அது மனிதர் வளர்க்கும் கால்நடை. மற்றொன்று 'ஹய்யா', அது யாரும் வளர்க்காத காட்டுயிர். கடவுளின் சட்டம் இவ்விரண்டையும் ஒரே நிலத்தின் உரிமையாளர்களாக அருகருகே நிறுத்துகிறது. தரிசு விவிலியத்தில் கேட்பாரற்ற நிலமன்று. உரிமையாளர் பலரைக் கொண்ட நிலம் அது.

லூக்கா நற்செய்தியில், காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிச் செல்லும் ஆயன் மற்ற தொண்ணூற்றொன்பதையும் பாலைநிலத்தில் விட்டுச் செல்கிறான். அவற்றை ஆபத்தில் கைவிட்டுவிட்டான் என்று மறையுரைகளில் சொல்வதுண்டு. ஆனால் விவிலிய நாட்டில் பாலைநிலம் என்பது பெரும்பாலும் மேய்ச்சல் நிலமே. யோவேல் இறைவாக்கினர் காட்டு விலங்குகளைப் பார்த்து அஞ்ச வேண்டாம் என்று ஆறுதல் கூறுவதும் பாலையின் மேய்ச்சல் நிலம் பசுமையடைந்ததைச் சொல்லித்தான்.

இன்று நம் மேய்ச்சல் வெளிக்கு வந்துள்ள இடர், சீமைக் கருவேலம். மெக்சிக்கோ, தென் அமெரிக்கா முதலிய நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் உதவிய மரம், நாளடைவில் கண்மாயையும் ஓடையையும் தரிசையும் மூடிக்கொண்டது. அதன் அடியில் புல் தழைப்பதில்லை. அதன் இலையை ஆடுகள் விரும்புவதில்லை; காயை மட்டும் ஆவலோடு தின்னும். கீதாரி ஒருவர் என்னிடம் சொன்னார்: "காயைத் தின்னுதேன்னு நாங்க சந்தோசப்பட்டோம் சாமி. புழுக்கையில வெதை போயி, ஆடு படுத்த எடமெல்லாம் முள்ளா மொளைச்சுப்போச்சு. இப்ப அந்த முள்ளுக்குள்ள ஆடே நுழைய முடியல." மேய்ச்சலே மேய்ச்சலுக்குப் பகையாகிவிட்ட கதை இது.

அப்படியானால் ஒரு முள்ளும் மிஞ்சாமல் வெட்டிவிடலாமே? 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இம்மரங்களை அகற்ற ஆணையிட்டபோது பலரும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் ஆகிய பறவைச் சரணாலயங்களுக்குச் சென்று பாருங்கள். மழைக்குப் பின் வரும் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் நாட்டுக் கருவேலத்தோடு சீமைக் கருவேலத்திலும் கூடு கட்டுகின்றன. அவற்றுள் முதலிரண்டு கண்மாய்களும் 2022-இல் ராம்சார் ஈரநிலங்களாக உலக ஏற்புப் பெற்றவை. முள்ளை நம்பி வாழ்வோர் மனிதரிலும் உண்டு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் நம் அன்பியங்களிலேயே எத்தனை!

பாக் நீரிணையின் வடகோடியில், 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையிலும் இதே சிக்கல்தான். அங்குள்ள வெளிமானுக்குப் பெயரிலேயே வெளி இருக்கிறது. அது திறந்த புல்வெளியில் வாழும் உயிர். அப்புல்வெளியைச் சீமைக் கருவேலம் நெருக்குகிறது. அங்கே திரியும் குதிரைகள் அதன் காயைத் தின்று விதையைப் பரப்புகின்றன.

கடல்கடந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. வட அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே குட்டைப்புல் சமவெளி பரந்து கிடக்கிறது. ஒருகாலத்தில் அங்கே கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருதுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் சில நூறாகக் குறைந்தன. அவை கடித்துத் தாழ்த்திய தரையில் கூடு கட்டப் பழகிய உப்புக்கொத்தி இனம் ஒன்று அங்கு உண்டு. இன்று அப்பறவைக்கு ஓரளவு இடம் அமைத்துத் தருபவை பண்ணை மாடுகள். ஆயினும் எங்கும் ஒரே சீராக மேய்த்துவிட்டால், உயர்ந்த புல்லில் கூடு கட்டும் பறவைகளுக்கு இடமிராது. ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும், இடம் மாற்றிக் காலம் மாற்றி மேய்க்க வேண்டும் என்று அங்குள்ள அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். நம் கீதாரிகள் ஊர் ஊராக நடந்து செய்துவந்ததும் அதுதானே! 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்ததும், இந்த அறிவு அழிந்துவிடக் கூடாது என்ற கவலையால்தான் என்று கருதுகிறேன்.

இவற்றையெல்லாம் நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பங்குக் கோயிலுக்குச் சொந்தமான புஞ்சை ஒன்று கண்மாய்க் கரையை ஒட்டித் தரிசாகக் கிடக்கிறது. அதைச் சுற்றி வேலியடைத்துக் குத்தகைக்கு விடலாம் என்ற கருத்து பங்குப் பேரவையில் எழுந்துள்ளது. கோயிலின் கூரை ஒழுகுகிறது. மழைக்காலத் திருப்பலியில் பீடத்துக்கு அருகே வாளி வைக்கிறோம். ஆகவே பணம் வேண்டும் என்று கேட்பவர்கள் பேராசையால் கேட்கவில்லை. மறுபுறம், பல ஆண்டுகளாக அங்கே ஆடு மேய்ப்பவர்களுக்கு வேலி விழுந்தால் வேறு இடமில்லை. வேலிக்குள் அகப்படும் கவுதாரிக்கும் ஆள்காட்டிக்கும் பேரவையில் வாக்கும் இல்லை.

பேரவை இன்னும் முடிவு செய்யவில்லை. என் கருத்தை மட்டும் அவர்கள்முன் வைத்திருக்கிறேன். முள்ளைப் பகுதி பகுதியாக வேரோடு அகற்றி, அந்தக் கரியின் வருவாயைக் கூரைக்கு ஒதுக்கலாம். வேலையை நம் கரிமூட்டக் குடும்பங்களுக்கே கொடுக்கலாம். கரையோர மரங்களைப் பறவைகள் குஞ்சுகளோடு புறப்படும்வரை தொடாதிருக்கலாம். முள் போன இடத்தில், இராமேசுவரம் தீவில் குடைபோல் விரிந்து நிற்கிறதே, அந்த உடை மரத்தையும் நாட்டுக் கருவேலத்தையும் வைக்கலாம். கீதாரிகளோடு பேசி, இன்ன மாதத்தில் இன்ன பகுதியில் மேய்ச்சல், ஆள்காட்டி அடைகாக்கும் காலத்தில் அப்பகுதிக்கு ஓய்வு என்று வரையறுக்கலாம். இவ்வழியில் கூரை வேய இன்னும் ஓரிரு மழைக்காலம் ஆகும். அதுவரை வாளி இருக்கத்தான் செய்யும். அந்தச் சிரமத்தை மக்கள் ஏற்பார்களா என்பதே கேள்வி.

பாலைநிலத்தில் நாற்பது நாள் தங்கிய நம் ஆண்டவர் காட்டு விலங்குகளிடையே இருந்தார் என்ற செய்தியை நற்செய்தியாளர் நால்வருள் மாற்கு ஒருவரே நமக்குத் தருகிறார். தம்மை நல்லாயன் என்று அழைத்துக்கொண்டவர், ஆட்டுக்கும் காட்டுயிருக்கும் பொதுவான வெளியில்தான் தம் பணிக்கு ஆயத்தமானார். அன்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு தரிசு இருக்கும்; அதன்மேல் ஒரு திட்டமும் இருக்கும். வேலிக்கால் நடுமுன், அந்நிலத்தில் ஏற்கெனவே யார் யாருக்குப் பங்கிருக்கிறது என்று ஒருநாள் காலையில் நடந்துபோய்ப் பார்த்து வருவோமா?