வாலரண்ட் வராது, வைஸ் சிட்டி வரும்

ராஜபாளையத்துப் பையன்களிடம் லினக்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால் முதல் கேள்வி, "காசு கட்டணுமாண்ணே?" இரண்டாவது, "கேம் ஓடுமா?" இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, பழைய மிஷினும் தாங்கும் என்று நாம் அடுக்குவதெல்லாம் அந்த இரண்டாவது கேள்வி வரைக்கும்தான் நிற்கும். மில் ஆபீஸில் டேலி, சிவகாசி பிரஸ்ஸில் பேஜ்மேக்கர், பையன்களுக்கு கேம். விண்டோஸில் கட்டிப்போட ஆளுக்கொரு முளைக்குச்சி. இதில் பையன்களுடைய குச்சிதான் முதலில் ஆட்டம் கண்டிருக்கிறது. பெரியவர்கள் இதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

*

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டம். அந்த மிஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் உருவாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். ஆக, இந்த ஊருக்கு லினக்ஸ் புதுசு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மம்சாபுரத்திலும் பிளஸ் டூ முடித்தவர்களின் வீடுகளுக்கு அது வந்துபோயிருக்கிறது.

பாஸைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சிரிப்புதான் வரும். லேப்டாப் கைக்கு வந்த சூட்டோடு கடைக்குப் போய் விண்டோஸ் 'அல்டிமேட்' போடுவார்கள். சி டிரைவில் இடம் பத்தவில்லை என்று பாஸ் இருந்த பார்ட்டிஷனும் காலி. பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். லினக்ஸுக்கு ஸ்டீம் என்ற கேம் கடை வந்ததே 2013-ல்தான். 2011-ல் அவர்களுக்கு அதில் விளையாட என்ன இருந்தது?

*

விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் ஒயின் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பாலிடெக்னிக் மாணவன் கேட்டான். அவனுக்குச் சொன்னது:

கேமின் எக்ஸி ஃபைலில் இருப்பது பிராசசருக்கான கட்டளைகள். இன்டெல் சிப்புக்கு அது விண்டோஸிலிருந்து வந்ததா லினக்ஸிலிருந்து வந்ததா என்ற பேதம் கிடையாது. சிக்கல் எங்கே என்றால், கேம் நடுவில் விண்டோஸைக் கூப்பிட்டு "இந்த ஃபைலைத் திற", "ஒரு ஜன்னல் போடு", "மவுஸ் எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கர்னல்32, யூசர்32 மாதிரி டிஎல்எல்கள்தான் அதற்குப் பதில் சொல்பவை. ஒயின் அந்த டிஎல்எல்களை முதலிலிருந்து தானே எழுதி வைத்திருக்கிறது. கேம் கேட்பதை வாங்கி லினக்ஸிடம் லினக்ஸ் பாஷையில் கேட்டுக் கொடுக்கும். பிராசசரைப் போல நடிக்கிற வேலை இதில் இல்லை. அதனால்தான் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை.

1993-ல் தொடங்கிய வேலை, 1.0 வெளிவந்தது 2008 ஜூனில். அலெக்சாந்தர் ஜூலியார் 1994-லிருந்து இன்றுவரை அதைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார். விண்டோஸின் மூல நிரலைப் பார்க்காமல், அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பார்த்து எழுதியது. இந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

*

வைஸ் சிட்டி. பிசிக்கு 2003-ல் வந்தது. 128 எம்பி ராம் இருந்தால் போதும் என்று அட்டையில் போட்ட கேம். எக்ஸி மேல் ரைட் கிளிக் செய்து ஒயினில் திறந்தால், முதல் தடவை ஹோமுக்குள் '.ஒயின்' என்று மறைவாக ஒரு ஃபோல்டர் உண்டாகும். அதற்குள் டிரைவ்_சி, அதற்குள் ப்ரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ், எல்லாம் பொம்மைக் கொலு மாதிரி வரிசையாக. கேம் அதை நிஜ சி டிரைவ் என்றே நம்பிக்கொள்கிறது.

ஓடும். ஆனால் நடுவில் தொங்கினால் கேம் போய்விடும், டெஸ்க்டாப் மட்டும் 640க்கு 480-லேயே நின்றுவிடும். ஐகான் எல்லாம் பூதாகாரமாக. உடனே "லினக்ஸ் கெட்டுப்போச்சுண்ணே" என்று போன் வரும். ஒயின் கான்ஃபிக்கில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் விர்ச்சுவல் டெஸ்க்டாப்பை டிக் செய்தால் கேம் ஒரு ஜன்னலுக்குள் அடங்கிவிடும். தொங்கினாலும் வெளியே பாதிப்பில்லை. யார் மிஷினில் ஒயின் போட்டாலும் இந்த டிக்கை முதலில் போட்டுவிட வேண்டும்.

*

படம் வரைகிற விஷயம்தான் ரொம்ப நாள் தகராறாக இருந்தது. விண்டோஸ் கேம்கள் டைரக்ட்3டி பாஷையில் வரையச் சொல்லும். ஒயின் அதை ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றும்போது புது கேம்கள் நொண்டும். 2016-ல் வல்கன் என்ற புது வரையும் பாஷை வந்தது. பிலிப் ரெபோலே என்ற ஜெர்மன்காரர் 'நியர்: ஆட்டோமேட்டா' கேமை லினக்ஸில் ஆட ஆசைப்பட்டு, டைரக்ட்3டி 11-ஐ வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகேவை எழுத ஆரம்பித்தார். ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி அவருக்குக் கை கொடுத்தது. ஒயின், டிஎக்ஸ்விகே இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கட்டி 2018 ஆகஸ்டில் ப்ரோட்டான் என்று ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இன்ஸ்டால், ப்ளே. அவ்வளவுதான். ஒருத்தர் ஒரு கேம் ஆட ஆசைப்பட்டதில் உலகத்துக்கே வழி பிறந்திருக்கிறது. 'கேம் ஆடி உருப்பட்டவன் உண்டா' என்று கேட்கும் அப்பாக்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

இங்கே ஒரு முட்டுக்கட்டை. முதல் கட்ட இலவச லேப்டாப் காலத்து இன்டெல் சிப்புகள் பலவற்றில் வல்கனே கிடையாது. அடுத்த தலைமுறைகளில் அரைகுறை. 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0-வோ வல்கன் 1.3 இல்லாமல் நகராது. அப்படிப்பட்ட மிஷினில் பழைய ஓப்பன்ஜிஎல் வழிதான்: ஸ்டீமில் கேமின் லாஞ்ச் ஆப்ஷனில் ப்ரோட்டான்_யூஸ்_ஒயின்டி3டி என்பதற்கு 1 கொடுக்க வேண்டும். பிறகு வந்த லெனோவா இ41 வரிசையில் பல ஏஎம்டி. அதில் வல்கன் உண்டு. இரண்டையும் பார்த்தால் ஒரே மாதிரி கறுப்பு லேப்டாப்தான், ஆனால் கேம் விஷயத்தில் வேறு வேறு ஜாதகம்.

*

அக்கா மகன் வந்திருந்தான்.

"மாமா, வாலரண்ட் வருமா?"

"வராது மாப்ள."

"வைஸ் சிட்டி வருது, ஜிடிஏ ஃபைவ் வருதுங்கறீங்க. இது ஏன் வராது?"

நியாயமான கேள்வி. வாலரண்ட் ஆன்லைன் கேம், அதில் ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கும் காவல்காரன் வேன்கார்டு. மிஷின் ஆன் ஆகும்போதே விண்டோஸ் கர்னலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் டிரைவர் அது. ஒயினிடம் விண்டோஸின் மேல்மாடி மட்டும்தான் உண்டு, அஸ்திவாரம் கிடையாது. வேன்கார்டு உட்கார இடமே இல்லை.

மற்ற காவல்காரர்களின் கதை இதைவிட மோசம். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 கடைசியிலிருந்தே ப்ரோட்டானில் ஓடத் தயார். கேம் கம்பெனி சரி என்று சொன்னால் போதும். பல கம்பெனிகள் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸை 2024 அக்டோபர் கடைசியில் லினக்ஸில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மாதம் பேட்டில்ஐ வந்து ஜிடிஏ ஆன்லைனும் போச்சு. தனியாக ஆடும் கதை மட்டும் ஓடுகிறது. இன்று மிச்சமிருக்கும் பூட்டுகளில் பாதி தொழில்நுட்பப் பூட்டே அல்ல. சாவி கையில் இருக்கிறது, திறக்க மனசில்லை. லினக்ஸ்காரர்கள் எண்ணிக்கை கம்மி என்பது அவர்கள் கணக்கு. ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான்.

*

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஹாஸ்டல் பையன்கள் லேனில் ஆடும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6-க்கு இதெல்லாம் தேவையே இல்லை. 2013-லிருந்து அதற்கு நேரடி லினக்ஸ் வடிவம் உண்டு. டோட்டா 2-க்கும் அப்படியே. பள்ளிக்கூட லேபில் ஆடிய டேஞ்சரஸ் டேவும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் டாஸ் கேம்கள், அவற்றுக்கு டாஸ்பாக்ஸ். ஒயினில் போட்டுவிட்டு ஓடலையே என்று வருத்தப்படக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், ஸ்கீஃப்ரீ என்ற பனிச்சறுக்கு கேமின் பழைய 16 பிட் வடிவம் 64 பிட் விண்டோஸில் திறக்காது. ஒயினில் திறக்கும்.

*

பென்டிரைவில் ஊர் சுற்றும் கிராக் கேம்களைப் பற்றி. "லினக்ஸ்தானே, வைரஸ் ஒண்ணும் பண்ணாது" என்ற தைரியம் வேண்டாம். ஒயினுக்குள் சி டிரைவ் பொம்மைதான், ஆனால் இசட் டிரைவ் என்று ஒன்று வழக்கமாகவே இருக்கும். அது லினக்ஸின் மொத்த ரூட். கேம் என்ற பெயரில் வந்த ஏதோ ஒன்று இசட் வழியாக ஹோமுக்குள் புகுந்து கல்யாண ஆல்பத்தையும் புராஜெக்ட் ரிப்போர்ட்டையும் பூட்டிவிட்டுக் காசு கேட்க முடியும். வெளியில் வாங்கிய எக்ஸியாக இருந்தால் ஒயின் கான்ஃபிக்கில் இசட்டை எடுத்துவிட்டு, அதற்கென்று '.ஒயின்' மாதிரி தனி ஃபோல்டர் (ப்ரிஃபிக்ஸ்) போட்டு ஓட்டுவது மேல். அதுவும் முழுக் காவல் இல்லை. ஸ்டீம் சேல் நேரத்தில் பழைய கேம்கள் டீக்காசுக்கு வருகின்றன, அதையே சொல்லிப் பார்க்கிறேன்.

*

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல்லை அநேகமாகச் சேர்ப்பதில்லை. நம் பக்கத்து வீடுகளில் இருக்கும் மிஷின்களில் கணிசமானவை அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. மாப்பிள்ளையின் லேப்டாப்பும்தான்.

அவனுக்கு முடிவு செய்தது: லினக்ஸ் மின்ட் பிரதானமாக. பழைய விண்டோஸ் 10 சின்னப் பார்ட்டிஷனில், வாலரண்டுக்கு மட்டும்; பேங்க், மெயில் எதையும் அதில் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. லினக்ஸ் கர்னல் 6.14 அல்லது அதற்கு மேல் போட வேண்டும், விண்டோஸ் திரெடுகளின் ஒத்திசைவுக்கான என்டிசிங்க் டிரைவர் அதிலிருந்துதான் வருகிறது. ப்ரோட்டான் டவுன்லோடு ராத்திரியில், கரன்ட் நிற்காத நாளாகப் பார்த்து. முதல் தடவை ஷேடர் தயாராகும்போது ஃபேன் கத்தும். பயப்படாதே என்று அக்காவிடமும் சொல்லி வைக்க வேண்டும்.