அந்தக் கூடுதல் ஓர் அங்குலம்

பன்னிரண்டடி அகல அறைக்கு 5 அங்குலக் கான்கிரீட் தளம் போதும். நான் 6 அங்குலம் போட்டுக் கொடுத்துவந்தேன். ஏதோ ஒரு வீட்டுக்கு மட்டும் இல்லை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் என்று பலகை மாட்டியதிலிருந்து ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும். காரணம் கேட்டால் சொல்ல, “சேஃப்டிக்கு” என்ற பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் ஒருவரும் கேட்டதில்லை. தளம் விரிசல் விட்டால் இன்ஜினியரைத் தேடி ஆள் வரும். தடிமனாக இருக்கிறது என்று யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? “நல்லா ஸ்ட்ராங்கா போட்டுக் குடுத்திருக்கார்” என்று பேர்தான் கிடைத்தது.

அது சேஃப்டி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஐ.எஸ். 456 விதிநூலே போதுமான பயத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. பளுவை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. கான்கிரீட்டின் வலிமையை 1.5-ஆலும் கம்பியின் வலிமையை 1.15-ஆலும் வகுக்கச் சொல்கிறது. அதற்கு மேல் நான் சேர்த்த அங்குலம், அறைக்கு அறை கணக்குப் போடாமல் தப்பிக்க. பில்லர் கதையும் இதுதான். பளு அதிகம் வரும் தரைத்தளப் பில்லருக்கு மட்டும் கணக்குப் போட்டு, அதையே மூன்றாம் மாடி வரை ஏற்றிவிடுவேன். அளவு ஒன்றாக இருந்தால் சென்ட்ரிங் அடிப்பது சுலபம், அதை ஒப்புக்கொள்ளலாம். மேலே போகப் போகக் கம்பியையாவது குறைத்திருக்க வேண்டாமா? அதையும் செய்யவில்லை.

1,000 சதுர அடித் தளத்தில் ஓர் அங்குலம் கூடினால் சுமார் 15 மூட்டை சிமென்ட் கூடுகிறது. கூடவே கிட்டத்தட்ட 6 டன் எடையும். அந்த எடையைத் தாங்க பீம் பருக்கிறது, பில்லர் பருக்கிறது, ஃபுட்டிங் அகலமாகிறது. எல்லாவற்றிலும் மறுபடி சிமென்ட், மறுபடி கம்பி. சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. சூளையை முழுக்கச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அந்தப் பங்கு வந்தே தீரும். அந்த 15 மூட்டைக்கு மட்டும் மொத்தம் அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு. இத்தனையும் தெரிந்த நான்தான் வீட்டுக்காரர்களிடம் மாடியில் சோலார் போடச் சொல்லி மணிக்கணக்காக வாதாடினேன். கரண்ட் செலவை அடுத்த வருஷம்கூடக் குறைக்கலாம். தளத்தில் போனது, கான்கிரீட் போடும் முன்பே போய்விட்டது.

அடுத்தது என் வரைபடங்களின் ஓரத்தில் இருக்கும் குறிப்புகள். “ஓ.பி.சி. 53 கிரேடு மட்டும்” என்ற, சாம்பல் கலக்காத சிமென்டைக் கேட்கும் வரி, நான் தொழில் பழகிய அலுவலகத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை கலந்த பி.பி.சி. சிமென்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். உப்புக்காற்று கம்பியை அரிக்கும் கடலோர வீடுகளுக்கு அதுதான் மேல். ஆனால் அது மெதுவாகத்தான் இறுகும். ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும் என்றால் இதற்கு 10 நாள். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று பறக்கும் கான்டிராக்டரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து, சூளையிலிருந்து வரும் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்.சி.3 சிமென்டுக்கு 2023-இல் இந்தியத் தரநிலையே வந்துவிட்டது. அது கிடைக்குமா என்று ஒரு கடையிலும் நான் விசாரித்ததில்லை.

குறிப்பைத் திருத்திவிட்டேன். தளமும் இப்போது கணக்குப்படிதான். இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டியதில்லை. முதலிலிருந்தே வாங்கிய கூலிக்குச் செய்திருக்க வேண்டிய வேலை.

திருத்த முடியாதது ஒன்று உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் போட்ட ஃபில்லர் ஸ்லாப் எனக்கு மிகவும் பிடிக்கும். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைக் கம்பிதான் வாங்குகிறது. அங்கே கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்குகிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓட்டை வைத்துவிட்டார் மனிதர். இதை மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஒருமுறை, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தம் வீட்டுக்கு அதுதான் வேண்டும் என்று வந்தார். புது டிராயிங், ஓடு அடுக்கத் தெரிந்த ஆள், கூட நாலு முறை சைட்டுக்கு அலைச்சல் எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்முன் வந்தன. “அது லீக் ஆகும் சார்” என்றேன்.

பொய். ஒழுங்காகப் போட்டால் மற்றத் தளம் போலத்தான் அதுவும். அவர் நம்பி 6 அங்குலத் தளம் போட்டுக்கொண்டார். பிறகு அவருடைய சம்பந்தி வீடு கட்டியபோது, ஃபில்லர் ஸ்லாப் ஒழுகும், இன்ஜினியரே சொன்னார் என்று அவரையும் தடுத்திருக்கிறார். உண்மையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கோபித்துக்கொள்வார் என்பதற்காக இல்லை. கணக்கு வாத்தியார், இரண்டு வீட்டிலும் சேர்த்து எத்தனை மூட்டை என்று கேட்பார்.